பூட்டிய அலமாரியில் ஒரு போத்தல்

துன் சம்பந்தன் சாலைக் கடை ஒன்றில் மாலை ஆறு மணிக்கு மேல் தே தாரேக் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் விலைவாசியில்தான் வந்து நிற்கும். அன்றைக்கும் கோழி, வீட்டு வாடகை என்று போய்க்கொண்டிருந்தது. கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் நடுவில் ஒரு கேள்வி போட்டார்: “அண்ணே, அமெரிக்காவுல 150 டாலர்னு போட்டிருக்கிற போர்பன் விஸ்கிய இங்க ஒரு கடையில கண்ணாடி அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்காங்க. விலை ஆயிரக்கணக்குல சொல்றாங்க. வரி கூடிப்போச்சுன்னு கடைக்காரர் சொல்றாரு. அவ்வளவும் வரியா?”

அவ்வளவும் வரி இல்லை. உண்மையைச் சொன்னால், அந்தப் போத்தலின் விலையில் வரியின் பங்கு மிகச் சிறியது. கடைக்காரர் சொன்னது சாதாரணப் போத்தலுக்குப் பொருந்தும், பூட்டிய போத்தலுக்குப் பொருந்தாது. இந்த வேறுபாடு புரிந்தால், குடிக்காதவருக்கும்கூட நம் மலேசியாவில் மதுவுக்கு எப்படி விலை வைக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். கொஞ்சம் பொறுமையாகவே பார்ப்போம்.

போர்பன் என்பது அமெரிக்க விஸ்கி. அதற்கு அந்த நாட்டுச் சட்டமே இலக்கணம் வகுத்திருக்கிறது. அரைத்து ஊறவைக்கும் தானியத்தில் குறைந்தது 51 விழுக்காடு சோளமாக இருக்க வேண்டும், அதாவது மக்காச்சோளம். உள்பக்கம் கருக வாட்டிய புத்தம் புதிய ஓக் மரப் பீப்பாயில்தான் ஊற்றி வைக்க வேண்டும். நிறமோ சுவையோ வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது. சோளத்துக்குப் பதிலாக 51 விழுக்காடு ரை தானியம் இருந்தால் அது ரை விஸ்கி. ரை என்பது கோதுமைக்கு உறவான குளிர்நாட்டுத் தானியம். அதில் வடித்த மதுவில் மிளகு போன்ற ஒரு காரம் இருக்கும். போர்பனில் சோளத்தின் இனிப்பு முன்னால் வரும்.

பீப்பாய் புதிதாகவே இருக்க வேண்டும் என்ற விதியால் செலவு கூடுகிறது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயை மறுபடி போர்பனுக்கு வைக்க முடியாது. அது ஸ்காட்லாந்துக்கோ வேறெங்கோ போய்விடும். ஒரு பீப்பாய் சுமார் 200 லிட்டர் கொள்ளும். அதை நிரப்பிக் கிடங்கில் அடுக்கியதும் இழப்பு தொடங்கிவிடுகிறது. மரத்தின் வழியாக மது மெல்ல மெல்ல ஆவியாகும். குளிர்ந்த ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 விழுக்காடு போகிறது என்றால், கோடையில் நன்றாகச் சுடும் அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் அதைவிட இரு மடங்கு வரை போகும். பெங்களூரில் அம்ருத் நிறுவனம் சிங்கிள் மால்ட் விஸ்கி வைக்கும்போது ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகிப் போவதாகச் சொல்கிறார்கள். நம் ஊர் வெக்கையில் வைத்தால் கதை என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இருபது ஆண்டு கெண்டக்கியில் கிடந்த பீப்பாயைத் திறந்தால், ஊற்றியதில் பாதிக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும். மிஞ்சியதிலும் மரத்தின் கசப்பு ஏறி வீணாய்ப் போனவை உண்டு. நன்றாக இருப்பதைப் பொறுக்கி எடுத்துத்தான் போத்தலில் அடைக்கிறார்கள்.

ஆகவே வயது ஏற ஏற விலை ஏறுவதில் நியாயம் இருக்கிறது. பணம் முடங்குகிறது, சரக்கு குறைகிறது, கிடங்கு வாடகை ஓடுகிறது. போதாததற்குக் கெண்டக்கி மாநிலம் கிடங்கில் கிடக்கும் பீப்பாய்க்கே ஆண்டுதோறும் சொத்து வரி வாங்குகிறது. 2023-இல் போட்ட சட்டப்படி அந்த வரியைப் படிப்படியாகக் குறைத்து 2043-இல்தான் முழுமையாக நீக்கப்போகிறார்கள்.

தம்பி விடவில்லை. “சரிண்ணே, அந்தச் செலவையெல்லாம் சேர்த்துத்தானே அவன் 150 டாலர் வச்சான்? அதுக்கு மேல ஏறுறது எப்படி?”

அங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. பழைய வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

1970-களிலும் 80-களிலும் அமெரிக்க இளைஞர்கள் போர்பனைக் கைவிட்டு வோட்காவுக்குப் போய்விட்டார்கள். அப்பா குடித்ததைப் பிள்ளை குடிக்க விரும்பவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. லூயிவில் நகரத்தில் பெயர்பெற்ற ஸ்டிட்சல்-வெல்லர் ஆலை 1992-இல் வடிப்பதை நிறுத்தியது. ரை விஸ்கி நிலைமை இன்னும் மோசம். ஆண்டுக்குச் சில நாள் மட்டும் வடித்துவிட்டு நிறுத்திக்கொண்ட ஆலைகள் உண்டு. விற்காத பீப்பாய்கள் கிடங்குகளில் பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு என்று கிடந்தன. யாரும் திட்டமிட்டு அவற்றை அவ்வளவு காலம் வைக்கவில்லை, வாங்க ஆளில்லாததால் கிடந்தன. அந்தப் பழைய சரக்கை மலிவாக வாங்கி, 20 ஆண்டு, 23 ஆண்டு என்று வயது குறித்துப் போத்தலில் அடைத்தவர்களில் ஒருவர் ஜூலியன் வான் விங்கிள். ஸ்டிட்சல்-வெல்லரை நடத்திய அவருடைய தாத்தாவின் செல்லப் பெயரால் அந்த விஸ்கி ‘பாப்பி வான் விங்கிள்’ ஆனது. ஆரம்பத்தில் அதையும் விற்கச் சிரமப்பட்டார்கள்.

2000-க்குப் பிறகு காற்று திசை மாறியது. சமையல் நிகழ்ச்சிகள், காக்டெய்ல் கடைகள், இணையம் எல்லாம் சேர்ந்து போர்பனை மறுபடி மேடையேற்றின. 2010-க்குப் பிறகு தேவை தலைக்கு மேல் போயிற்று. ஆனால் இருபது வயதுச் சரக்கு வேண்டுமென்றால் இருபது ஆண்டுக்கு முன் வடித்திருக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் வடித்தவர்களோ மிகச் சிலர். பணம் எவ்வளவு கொட்டினாலும் காலத்தைப் பின்னோக்கி ஓட்டி ஒரு பீப்பாயைக் கூட்ட முடியாது. இன்றைய தட்டுப்பாடு 1990-களில் விதைத்தது.

அடுத்தது விற்பனை முறை. 1933-இல் மதுவிலக்கு நீங்கியபோது அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பொதுவாகத் தயாரிப்பவர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும், மொத்த வியாபாரி கடைக்கு விற்க வேண்டும், கடை மக்களுக்கு விற்க வேண்டும். தயாரிப்பாளர் அறிவிக்கும் சில்லறை விலை வெறும் பரிந்துரைதான், கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது. 150 டாலர் என்று ஆலை சொல்லும் போத்தலை 800 டாலருக்கு வைத்தாலும் பெரும்பாலான மாநிலங்களில் தடையில்லை. ஓஹையோ, பென்சில்வேனியா, வர்ஜீனியா போல மாநில அரசே மது வியாபாரத்தை நடத்தும் இடங்களில் மட்டும் அறிவித்த விலைக்கே கிடைக்கும். ஆனால் அங்கே ஆள் அதிகம், போத்தல் குறைவு என்பதால் குலுக்கல் போட வேண்டியிருக்கிறது.

பெரிய நடிகர் படம் வெளியாகும் நாளில் கவுண்டரில் ஒரு விலையும் வாசலில் ‘பிளாக்’கில் இன்னொரு விலையும் ஓடியது நினைவிருக்கும். ஆலை அறிவிக்கும் விலை கவுண்டர் விலை. கண்ணாடி அலமாரியில் இருப்பது வாசல் விலை. டிக்கெட் கறுப்பில் எவ்வளவுக்குப் போகிறது என்பதைத் தயாரிப்பாளர் பார்த்துக்கொண்டே இருப்பார், அடுத்த படத்துக்குக் கவுண்டர் விலையையும் ஏற்றிவிடுவார். விஸ்கியிலும் நடந்தது அதுதான். ஓல்டு ஃபாரெஸ்டர் நிறுவனம் தன் நிறுவனரின் பிறந்த நாளான செப்டம்பர் 2-ஐ ஒட்டி 2002 முதல் ஆண்டுக்கொரு முறை ஒரு போர்பன் வெளியிடுகிறது. 2022-இல் சுமார் 150 டாலராக இருந்த அதன் அறிவிப்பு விலை 2024-இல் சுமார் 200 டாலர் ஆனது. பஃபலோ டிரேஸ் ஆலையின் ‘ஆன்டிக் கலெக்‌ஷன்’ வரிசையில் போர்பனும் உண்டு, ரையும் உண்டு. 100 டாலரை ஒட்டிப் பல ஆண்டு நின்றிருந்த அதன் விலையும் 2024-இல் 150 டாலரைத் தொட்டது. அதே மது, அதே பீப்பாய். வெளியே கைமாறும் லாபத்தில் ஒரு பகுதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள ஆலை முடிவு செய்தது. வியாபாரமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

இந்தத் தட்டுப்பாடு மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். 2013-இல் பஃபலோ டிரேஸ் ஆலையிலிருந்து 200-க்கு மேற்பட்ட பாப்பி வான் விங்கிள் போத்தல்கள் காணாமல் போயின. விசாரணை கடைசியில் அந்த ஆலையில் வேலை செய்தவரிடமே போய் முடிந்தது. 2023-இல் ஆரிகன் மாநில மது ஆணையத்தின் உயர் அதிகாரிகள் சிலர், குலுக்கலுக்குப் போக வேண்டிய அரிய போத்தல்களைத் தங்களுக்கென ஒதுக்கிக்கொண்டது வெளியே வந்தது. பணம் கொடுத்துத்தான் வாங்கியிருந்தார்கள். ஆனாலும் வரிசையில் நிற்க வேண்டிய பொதுமக்களை முந்திக்கொண்டது குற்றமாகப் பார்க்கப்பட்டது, ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் பதவி விலகினார். நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால் பதவி போகுமா என்று தம்பி கேட்டார். அது இன்னொரு தே தாரேக்குக்கான பேச்சு.

இனி நம் நாட்டு வரிக்கு வருவோம். மலேசியாவில் மதுவுக்கான கலால் வரி 2016 மார்ச் 1 முதல் போதையின் அளவை வைத்தே கணக்கிடப்படுகிறது. போத்தலில் உள்ள தூய ஆல்கஹால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. பீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 175 வெள்ளி என்று வைத்தார்கள். 320 மில்லிலிட்டர் டின்னில் 5 விழுக்காடு ஆல்கஹால் என்றால் 16 மில்லிலிட்டர். அதற்கு வரி 2 வெள்ளி 80 காசு. பிரதமர் அன்வார் இப்ராஹிம் 2025 அக்டோபரில் தாக்கல் செய்த வரவு செலவுத் திட்டத்தில் மதுவுக்கான கலால் வரியை 10 விழுக்காடு உயர்த்தினார், நவம்பர் 1-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதே டின்னுக்கு இப்போது 3 வெள்ளி 8 காசு. டின்னின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், எந்தக் கடையில் விற்றாலும், வரி அதுதான்.

விஸ்கிக்கு விகிதம் வேறு, கணக்கு முறை ஒன்றே. 750 மில்லிலிட்டர் போத்தலில் 40 விழுக்காடு வலுவுள்ள சாதாரண போர்பன் இருந்தால் தூய ஆல்கஹால் 300 மில்லிலிட்டர். 23 ஆண்டு பாப்பி வான் விங்கிள் 47.8 விழுக்காடு, அதில் தூய ஆல்கஹால் சுமார் 358 மில்லிலிட்டர். அப்படியென்றால் உலகமே தேடும் அந்தப் போத்தலுக்கு விழும் கலால், சூப்பர் மார்க்கெட்டில் வரிசையாக நிற்கும் போத்தலைவிட ஐந்தில் ஒரு பங்குதான் அதிகம். விலையோ பத்து மடங்கு, ஐம்பது மடங்கு என்று நிற்கிறது. தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்து நேரே அடைக்கும் சில வகைகள் 65 விழுக்காட்டையும் தாண்டும். அவற்றுக்குக் கலால் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். ஆனாலும் ஆயிரக்கணக்கான வெள்ளி வித்தியாசத்துக்கு அது கணக்கு சொல்லாது. இறக்குமதித் தீர்வையும் விற்பனை வரியும் தனியாக இருக்கின்றன, அவற்றைச் சேர்த்தாலும் மீதி விலையை ஏற்றியது தட்டுப்பாடும் ஆசையும்தான்.

“அப்ப வரி யாரு தலையில விழுதுண்ணே?” என்று தம்பி கேட்டார். சரியான இடத்தில் கைவைத்த கேள்வி. இந்தக் கணக்கில் பெரும் சுமை மலிவு போத்தலின் மேல்தான் விழுகிறது. விலை குறைந்த சரக்கில் பாதிக்கு மேல் வரியாகவே இருக்கலாம், சேகரிப்பாளர் வாங்கும் போத்தலில் அது தூசு. போதைக்கேற்ற வரி என்பது சுகாதாரக் கண்ணோட்டத்தில் நியாயமான கொள்கைதான், நான் மறுக்கவில்லை. குடியைக் குறைப்பதில் விலைக்குப் பங்கு உண்டு. ஆனால் குடியை விடாதவர், விலை ஏறியதும் எங்கே போகிறார் என்பதையும் அரசாங்கம் பார்த்தாக வேண்டும்.

நம் சமூகத்துக்கு இது புதிய கேள்வி இல்லை. தோட்டத்துக் கள்ளுக்கடை கூலியைத் தின்றதை நம் தாத்தாக்கள் கண்ணால் பார்த்தவர்கள். 1941-இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தினார். மே மாதம் அவரைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். துருப்புகள் இறங்கின, தொழிலாளர்களின் உயிர் போயிற்று. இன்று தெங்கு கிளானா சாலையில் தீபாவளிச் சந்தைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, அதே கிள்ளானில் கூலிக்காரர்கள் தங்கள் வாசலில் கள்ளுக்கடை வேண்டாம் என்று நின்றார்கள் என்பதைச் சொல்ல வேண்டும்.

கள்ளுக்குப் பின் சம்சு வந்தது. சில வெள்ளிக்குச் சிறு போத்தலில் கிடைத்த அந்த மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களை அழித்தது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களிடம் கேட்க வேண்டும். 2017 டிசம்பர் 1 முதல் மது வாங்கும் வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்தினார்கள். சம்சு வகையை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்க வேண்டும் என்றும் விதி வந்தது. சில்லறைக் காசுக்குக் கிடைக்காமல் செய்வது நோக்கம். நல்ல விதி, நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

ஆனால் 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு ஒரு கொடுமையைப் பார்த்தது. மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். சில வாரங்களில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து இங்கே உழைக்க வந்த தொழிலாளர்கள். நம் நாட்டவரும் அதில் உண்டு. அவர்கள் குடித்ததும் மலிவான போத்தலில் வந்த மதுதான். மெத்தனாலை நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். முதலில் பார்வை மங்கும், பிறகு மூச்சு திணறும். ஒரு நாள் கழித்துத் தெரிவதால் பலர் நேரத்துக்கு மருத்துவமனை போய்ச் சேர்வதில்லை. வரி கட்டிய சரக்குக்கும் கட்டாத சரக்குக்கும் விலை இடைவெளி பெரிதாகும்போதெல்லாம் கடத்தலுக்கும் கலப்படத்துக்கும் கதவு திறக்கிறது. கொள்கலனில் வேறு பொருள் என்று எழுதி மதுவை இறக்கப் பார்ப்பதும் சுங்கத்துறை பிடிப்பதும் கிள்ளான் துறைமுகத்தில் அடிக்கடி வரும் செய்தி. தம்பிக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

கலப்படம் மேல்தட்டிலும் இருக்கிறது. அமெரிக்காவில் பாப்பி வான் விங்கிளின் காலிப் போத்தலுக்கே விலை உண்டு. அதில் சாதாரண போர்பனை ஊற்றி மூடி சரிசெய்து விற்றவர்கள் இருக்கிறார்கள். தனிக் கைகளில் மாறி மாறி வரும் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று திறக்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது, திறந்தால் விலை போய்விடும். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் மது விற்பதே குற்றம். வாட்ஸ்அப் குழுவில் “அரிய சரக்கு, ஒன்றுதான் இருக்கிறது” என்று வரும் செய்தியை நம்பிப் பணம் அனுப்பிவிட்டு ஏமாந்தால், முறையிடக்கூட உங்களுக்குத் தயக்கம் வரும்.

முதலீடாக வாங்கி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தட்டுப்பாடு நிரந்தரமில்லை. விலை ஏறியதைப் பார்த்து எல்லா ஆலைகளும் வடித்துத் தள்ளின. 2025 தொடக்கத்தில் கெண்டக்கிக் கிடங்குகளில் 1 கோடியே 61 லட்சம் பீப்பாய்கள் ஊறிக்கொண்டிருந்தன. அந்த மாநில மக்கள்தொகையைவிட மூன்று மடங்குக்கு மேல். அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவுடனான இறக்குமதி வரிச்சண்டையில் கனடாவின் பல மாகாணங்கள் அமெரிக்க மதுவைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டன. மக்கள் குடிப்பதும் குறைந்து வருகிறது. 2025 டிசம்பரில் ஜிம் பீம் நிறுவனம், கிளெர்மான்ட் ஊரிலுள்ள தன் முதன்மை ஆலையில் 2026-இல் வடிப்பதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. 1990-களில் கிடந்தது போலவே இந்தச் சரக்கும் கிடந்து வயதாகும். பத்து ஆண்டு கழித்து வயதான போர்பன் மலிவாகக் கிடைத்தால் நான் வியப்படைய மாட்டேன். இன்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி அலமாரியில் வைப்பவர் அந்த நாளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தரம் வேண்டும் என்பவருக்கு வழி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க விஸ்கியில் நிறமும் ரசாயனமும் கலந்து விற்பது பெருகியபோது, 1897-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசு கண்காணிப்பில் குறைந்தது நான்கு ஆண்டு வைத்து, 50 விழுக்காடு வலுவில் அடைத்தால்தான் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று போடலாம். போத்தல் வாயில் பச்சை நிற அரசு முத்திரை ஒட்டி வந்தது. அந்தப் பெயருக்கான விதிகள் இன்றும் இருக்கின்றன, அந்தப் பெயர் தாங்கிய போத்தல்களில் பல அறிவித்த விலைக்கே கிடைக்கின்றன. விருந்தாளிக்கு வைக்க அது தாராளமாகப் போதும். ‘வரையறுக்கப்பட்ட வெளியீடு’ என்ற ஒட்டுப்பட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு சட்டம் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் வரி கட்டிய போத்தலில் சுங்கத்துறையின் வரி முத்திரை ஒட்டியிருக்கும். அது அரசாங்கத்துக்குப் பணம் போனதன் சான்று மட்டும் இல்லை, அந்தப் போத்தல் எந்த வழியாக வந்தது என்பதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருக்கிறார் என்பதற்கும் சான்று. உங்கள் வீட்டில் யாரும் குடிக்காமல் இருந்தால் நல்லது. திருமணத்துக்கோ நண்பருக்கோ வாங்கியே ஆக வேண்டும் என்றால், உரிமம் உள்ள கடையில் வாங்குங்கள், போத்தலைக் கையில் எடுத்து முத்திரையைப் பாருங்கள். உங்கள் கடையிலோ பட்டறையிலோ வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் அவருக்குப் புரியும் மொழியில் இதைச் சொல்லிவையுங்கள். முத்திரை இல்லாத போத்தல், பத்து வெள்ளியானாலும் பத்தாயிரம் வெள்ளியானாலும், வேண்டாம்.